குப்பம்மாள் சொன்ன சாப்பாடு

சண்முகவள்ளி பழனி அடிவாரத்துப் பெண். அவளுடைய அப்பா சேனாதிபதி அங்கே விபூதியும் சந்தனமும் விற்கும் கடை வைத்திருந்தார். பாதயாத்திரை வருகிறவர்களோடு பேசிப் பேசி வளர்ந்தவள் என்பதால், முன்பின் தெரியாத யாரிடமும் சட்டென்று பேச்சுக் கொடுத்துவிடுவாள். அவர்களும் கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். எட்டாவது வரை படித்தாள். அதற்குப் பிறகு, மலைமேல் வில்பட்டியில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற சுப்புராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஐம்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம் அது.

மலையேறிய முதல் வருஷம் அவளுக்கு லேசாகப் போகவில்லை. மழை பிடித்தால் விடாது. விறகு ஈரமாகவே கிடக்கும், வீடு முழுக்கப் புகை. மாமியார் இல்லாத வீடு, நிம்மதியாக இருக்கலாம் என்று பழனியில் சொல்லி அனுப்பினார்கள். எது ஒன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத வீடு அது என்பது வந்த பிறகுதான் புரிந்தது. ஊர்ப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். குளிருக்கு அவள் சேலையை இழுத்து இழுத்துப் போர்த்துவதைப் பார்த்தும் சிரித்தார்கள். அந்த நாளில் அவளுக்கு ஒட்டுதலாக இருந்தவள் குப்பம்மாள் ஒருத்திதான்.

குப்பம்மாளும் கீழ்நாட்டுக்காரி, ஆயக்குடிப் பக்கம். அதே வருஷம் ஞானவேல் என்கிற பூண்டு விவசாயிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊற்றில் தண்ணீர் எடுக்க இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். மேகம் விலகினால் அங்கிருந்து சமவெளி மங்கலாகத் தெரியும். "அந்தா, அதுதான் எங்க ஊரு" என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். சண்முகவள்ளி மகளைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தபோது, குப்பம்மாள்தான் தினமும் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்துவிட்டுப் போனாள். தன் மாமியார் ஏசுவாள் என்று தெரிந்தே வந்தாள். கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லாத சண்முகவள்ளிக்கு அந்தக் குறை அதோடு தீர்ந்துபோனது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் டாக்டர் லீலா. சென்னையிலிருந்து வந்து, கொடைக்கானலில் வாடகைக்கு ஒரு பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் ஏன் இப்படி ரத்தமில்லாமல் வெளுத்துப்போகிறார்கள், அவர்கள் உண்மையில் என்னதான் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத, ஊருக்குள்ளேயே இருக்கிற, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்றார். வில்பட்டியில் அப்படி ஒருத்தியைத் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சில நாள் கொடைக்கானலுக்கு வரவழைத்துப் பழக்கினார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அலுமினியக் கிண்ணங்களும் இரண்டு கரண்டிகளும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். எவ்வளவு சாப்பிட்டேன் என்று யாருக்கும் வாயால் சொல்ல வராது, கிண்ணத்தைக் காட்டினால் 'இம்புட்டு' என்று விரலை வைத்துக் காட்டுவார்கள் என்றார் டாக்டர்.

"சண்முகவள்ளி, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது. பால் குடிச்சீங்களான்னு கேட்டா, குடிக்காதவங்களும் ஆமான்னு தலையாட்டுவாங்க. நேத்து எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் கேளுங்க. சிரிக்காதீங்க. முகத்தைச் சுளிக்காதீங்க. அவங்க சொல்றதை அப்படியே எழுதுங்க."

"சரிங்க டாக்டர்."

"அவங்க சொல்றது வெளியில போகாதுன்னு உறுதியாச் சொல்லுங்க. நம்பிக்கை இருந்தாத்தான் வாயைத் திறப்பாங்க."

அந்தச் சொல்லை அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். நீங்க சொல்றது எனக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தான் எதற்கோ பயன்படுகிறோம் என்று அவளுக்குத் தோன்றிய காலம் அது. அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்த பெண்களே இப்போது அவள் வருகைக்காக அடுப்படியைப் பெருக்கி வைத்தார்கள்.

குப்பம்மாளுக்கு அப்போது நாலாம் மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அந்த ஐந்து வருஷமும் அவள் மாமியார் சின்னத்தாயி, ஆள் இருக்கிறது இல்லாதது பார்க்காமல் அவளை வாயில் வந்தபடி பேசியிருக்கிறாள். சண்முகவள்ளி கிண்ணங்களோடு போனபோது, சின்னத்தாயி அடுப்பை ஒட்டி உட்கார்ந்து பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து போகவில்லை.

"நேத்து என்னென்ன சாப்பிட்ட குப்பு? வெள்ளனே இருந்து சொல்லு."

குப்பம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெள்ளனே ஒரு கிண்ணம் பாலு. மத்தியானம் நெல்லுச்சோறு, பருப்புக் கொழம்பு, முட்டை ஒண்ணு. பொழுது சாய்ஞ்சதும் சோறுதான். நெய் ஊத்தி."

"எந்தக் கிண்ணம்?"

குப்பம்மாளின் விரல் பெரிய கிண்ணத்தைத் தொட்டது.

"எங்க வீட்டுல புள்ளத்தாச்சிக்கு எதுலயும் கொறை வைக்கிறதில்ல" என்றாள் சின்னத்தாயி. "நல்லா எழுதிக்க ஆத்தா. நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லப்படாது."

சண்முகவள்ளி எழுதினாள். அந்த வீட்டுப் பசு கறக்கிற பால் முழுக்க விடிவதற்குள் கொடைக்கானல் ஓட்டலுக்குப் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். நெல்லரிசி இருக்கிற குதிருக்குச் சின்னத்தாயியின் இடுப்பில் சாவி தொங்கும். ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று தனியாகக் கொடுக்கிறார்களோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த தடவையும் அதே சாப்பாடு, அதே பெரிய கிண்ணம். சின்னத்தாயியும் அதே இடத்தில் இருந்தாள்.

ஊற்றடியில் தனியாக இருந்தபோது கேட்டுப் பார்த்தாள்.

"குப்பு, நீ சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"ஏன், நான் சோறு திங்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்று குப்பம்மாள் சிரித்தாள்.

"அதில்லடி. உன் நகத்தைப் பாரு. வெளுத்துக் கெடக்கு."

"இந்தக் குளிருக்கு எல்லாருக்குந்தான் வெளுத்துக் கெடக்கு. நான் சொன்னா நம்ப மாட்டியா நீ?"

அதற்கு மேல் சண்முகவள்ளிக்குக் கேட்க வாய் வரவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. எழுதிய தாள்களைக் கொடுக்கக் கொடைக்கானல் போனபோது டாக்டரிடம் சொன்னாள். "குப்பம்மான்னு ஒருத்தி, எனக்கு ரொம்ப வேண்டியவ. அவ சொல்றதுல எனக்குச் சந்தேகமா இருக்குங்க. மாமியார் பக்கத்துலயே இருக்காங்க. நீங்க ஒருதடவ வந்து பாக்கலாங்களா?"

டாக்டர் லீலா வேறு ஏதோ கணக்கில் இருந்தார். நிமிர்ந்து பார்த்துப் பொறுமையாகவே பதில் சொன்னார். "நீங்க அவங்களை நம்பணும் சண்முகவள்ளி. நம்பலைன்னு தெரிஞ்சா அப்புறம் எதுவுமே சொல்ல மாட்டாங்க. உங்க சந்தேகத்தை எழுத ஆரம்பிச்சா அது சர்வே இல்லை. கேட்டதை எழுதுங்க, போதும்."

சொந்தச் சிநேகிதியைச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கேட்டதை எழுதினாள்.

மார்கழியில் இன்னொரு பேச்சு ஊருக்குள் வந்தது. யார் சாப்பாட்டில் சத்து குறைவாக இருக்கிறதோ அவர்களுக்குப் பால் பவுடரும் இரும்புச்சத்து மாத்திரையும் வரப்போகிறது என்று. அந்தப் பேச்சு வந்த பிறகு சில வீடுகளில் சாப்பாடு தானாகக் குறைந்துபோனது. காளியாயி என்று ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி. அவள் புருஷன் சவுக்கு மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்தவன், வாரம் தவறாமல் கறி எடுப்பான். சண்முகவள்ளி போனபோது வீட்டுக்குள் தாளிக்கிற வாசம் வாசல் வரைக்கும் வந்தது. காளியாயி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்று, "கூழுதான், வேற என்னத்த? எங்களுக்கு வாய்ச்சது அம்புட்டுத்தான்" என்றாள். சண்முகவள்ளி அதையும் எழுதினாள்.

தை முடிகிறபோது பவுடர் டின்களும் மாத்திரை டப்பாக்களும் வந்தன. காளியாயிக்குக் கிடைத்தது. பாலும் முட்டையும் நெய்ச்சோறும் சாப்பிடுகிற குப்பம்மாளுக்கு எப்படிக் கிடைக்கும்?

பங்குனியில், எட்டாம் மாதத்திலேயே குப்பம்மாளுக்கு வலி கண்டது. ரத்தம் நிற்கவில்லை. கட்டிலைக் கவிழ்த்துக் கம்பு கட்டி, நாலு பேர் தோள் கொடுத்து அவளைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சண்முகவள்ளியும் கூடவே ஓடினாள். வழியெல்லாம் குப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது. ஆண் குழந்தை, பிறக்கும்போதே உயிரில்லை. தாயைக் காப்பாற்றினார்கள். பக்கத்து வார்டில் வேலையாக இருந்த டாக்டர் லீலா அவளை வந்து பார்த்து, கண் இமையைக் கீழே இழுத்து, உள்பக்கம் வெளுத்திருப்பதைப் பார்த்தார். "இவங்க வில்பட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே தாள்களைப் புரட்டியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவர் சண்முகவள்ளிக்குச் சொல்லாமல் ஊருக்கு ஆள் அனுப்பினார். பொன்னுவேல் என்கிற உதவியாள், தராசு படிக்கல்லோடு விடியற்காலையில் வந்து, சில வீடுகளில் அடுப்பில் ஏற்றுவதற்கு முன் தானியத்தையும் கிழங்கையும் நிறுத்தான். பானையில் வெந்ததை நிறுத்தான். பெண்கள் தட்டில் விழுந்ததையும் நிறுத்தான். ஞானவேல் வீட்டில் மருமகளுக்கு மிஞ்சியது கேழ்வரகுக் களியில் அடிப்பிடித்த கொஞ்சமும் அவித்த கிழங்கும்தான். காளியாயி வீட்டில் ஆட்டுக்கறி. போன வீடுகளில் எதுவுமே எழுதினதோடு ஒத்துப்போகவில்லை.

அதன்பின் டாக்டர் நேரில் வந்தார். ஞானவேல் வீட்டு முன்னால் பூண்டு காயப்போட்டிருந்த களத்தில் வைத்துத்தான் விசாரித்தார். சண்முகவள்ளியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள், காளியாயியும் இருந்தாள். குப்பம்மாள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் காகிதம் மாதிரி இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்து வாசித்தார். பால், முட்டை, நெல்லுச்சோறு, நெய். வெளியில் யாருக்கும் தெரியாது என்று சண்முகவள்ளி உறுதி சொல்லி வாங்கிய வார்த்தைகள். சண்முகவள்ளிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எங்களுக்கு ஏதுங்க பாலும் முட்டையும்?" என்றாள் சின்னத்தாயி, எல்லாருக்கும் முன்னால் பேசிவிடுகிற வேகத்தில். "கூழு குடிக்கிற சனங்க நாங்க. இருக்கிறதச் சொன்னோம். இந்தப் புள்ள வந்து நாலு வார்த்த கேக்கும், போயிரும். வீட்டுல ஒக்காந்து என்னத்த எழுதுச்சோ."

"அத்தை, நீங்க பக்கத்துல இருக்கையிலதான அவ சொன்னா?" என்றாள் சண்முகவள்ளி.

டாக்டர் கையமர்த்திவிட்டுக் குப்பம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க. இது நீங்க சொன்னதா?"

குப்பம்மாள் மாமியாரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். சண்முகவள்ளியை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு காய்கிற பூண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் அப்படிச் சொல்லலீங்க. எப்பவும் சாப்பிடுறதத்தான் சொன்னேன். வள்ளி என்ன எழுதுச்சோ, எனக்குத் தெரியாது."

காளியாயி கூட்டத்திலிருந்து, "நானும் கறின்னுதாங்க சொன்னேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. தன் வீட்டு வாசலைப் பெருக்குகிற மாதிரி அவரவர் பங்கை ஒதுக்கிவிட்டார்கள்.

ஜீப் வரைக்கும் சண்முகவள்ளி டாக்டர் பின்னாலேயே போனாள்.

"என்கிட்ட வேலைக்கு வந்தவங்கள்ல உங்களைத்தான் நான் ரொம்ப நம்பினேன்" என்றார் டாக்டர்.

"நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேனேங்க, குப்பம்மா சொல்றது சந்தேகமா இருக்குன்னு. வந்து பாருங்கன்னு கேட்டேனே."

டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். நினைவில் தேடுகிற பார்வைதான் அது, பொய் சொல்கிறவரின் பார்வை இல்லை. "நீங்க கேட்டிருந்தா நான் வந்திருப்பேனே சண்முகவள்ளி" என்றார். அவளிடமிருந்த கிண்ணப் பையை வாங்கி, கூட வந்திருந்த பொன்னுவேலிடம் கொடுத்தார். கிண்ணங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தோடு ஜீப் கிளம்பிப் போனது.

அன்று சாயங்காலம் சுப்புராஜ் காட்டிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டான். ஊரில் ஏற்கெனவே ஒருதடவை கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். நல்ல மனுஷன், அவளை ஒரு சொல் ஏசியதில்லை. கேட்டு முடித்ததும் தயங்கித் தயங்கி, "நெசமாவே அவ அப்படிச் சொன்னாளா வள்ளி?" என்றான்.

களத்தில் வராத அழுகை அப்போது வந்தது.

அதன்பின் ஊர் அவளுக்கு ஊராக இல்லை. ஞானவேல் பூண்டு மூட்டை ஏற்றுகிற இடத்தில் நின்று, "ஒழுங்கா எழுதியிருந்தா மாத்திரை வந்திருக்கும். எம்புள்ளையக் கொன்னது அவ எழுத்துதான்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். சொன்னவன் அதை நம்பித்தான் சொன்னான் என்பதுதான் சண்முகவள்ளிக்குப் பொறுக்கவில்லை. அவளை எதிரில் கண்டால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பழனிக்கே போய்விடலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறாள். போனால் அப்பாவிடம் என்ன சொல்வது?

ஆடி மாதம், தூறலில், ஊற்றடிக்குக் குப்பம்மாள் தனியாக வந்தாள். அவள் வருவதைப் பார்த்துச் சண்முகவள்ளி குடத்தைத் தூக்கிவிட்டாள். குப்பம்மாள் வழியை மறித்து நின்றாள்.

"என்னைய ஏசுடி. சும்மா போவாத."

"என்னத்துக்கு ஏசணும்?"

"அத்தை முன்னால என்னத்தச் சொல்லச் சொல்ற? களியில அடிப்பிடிச்சதத்தான் எனக்குப் போடுறாகன்னு சொன்னா, அந்த வீட்டுல அதுக்கப்புறம் நான் இருக்க முடியுமா?"

"சரி. அத்தை முன்னால வேணாம். இங்கன வச்சுக் கேட்டேன்ல? நீயும் நானுந்தான இருந்தோம்."

குப்பம்மாள் ஈரமான பாறையைப் பார்த்தாள். "உன்கிட்டச் சொன்னா நீ எழுதுவ. எழுதினா டாக்டரம்மா வந்து கேப்பாக. கேட்டா அத்தைக்குத் தெரிஞ்சு போவும்."

"அப்ப என்னைய நம்பல நீ."

"உன்னைய நம்பாம இல்லடி. உன் தாளத்தான் நம்பல."

சண்முகவள்ளியின் இடுப்பில் குடம் கனத்தது. "களத்துல வச்சுக் கேட்டப்ப?" என்றாள். "புள்ளையும் போச்சு, எல்லாம் போச்சு. அதுக்கப்புறமுமா?"

"நான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா, அந்தப் புள்ளைய நானே கொன்னேன்னு ஆயிருமே வள்ளி."

அது உண்மையான பதில். அந்த வருஷம் முழுக்க அவளிடம் யாராவது சொன்ன ஒரே உண்மை அதுதான் என்றுகூடச் சண்முகவள்ளிக்குத் தோன்றியது. குப்பம்மாள் அழுதாள். சண்முகவள்ளிக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. ஆனால் தொட்டு ஆறுதல் சொல்லக் கை எழவில்லை. "வழிய விடு" என்றாள். குப்பம்மாள் விலகிக்கொண்டாள். அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதோடு சரி.

அடுத்த வருஷம் சுப்புராஜ் நிலத்தைத் தம்பியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெருமாள்மலைக்கு வந்துவிட்டான். ரோடு பிரிகிற இடத்தில், லாரியில் ஏற்றுவதற்காகக் காய்கறியும் பேரிக்காயும் வந்து இறங்குகிற ஒரு கொட்டகையில் அவனுக்கு மூட்டை பிடிக்கிற வேலை. சண்முகவள்ளி அங்கேயே பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்களோடு உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு கையால் செய்கிற வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்கிறவள் தன் வீட்டுக் கதையை ஆரம்பித்தால், "எனக்கு எதுக்குக்கா அதெல்லாம்" என்று சொல்லிவிடுவாள். முன்பெல்லாம் முகம் தெரியாத யாத்ரிகர்களின் கதையை வாய் பார்த்துக் கேட்டவள்.

அறுபத்தாறாம் வருஷம், அரிசிக்கு எல்லாரும் அலைந்த காலம். ஒருநாள் மத்தியானம் கொட்டகைக்கு முன்னால் ஜீப் நின்றது. டாக்டர் லீலாவுக்கு முன்நெற்றியில் நரைத்திருந்தது. சண்முகவள்ளியைத் தேடி வில்பட்டிக்குப் போய், அங்கே விசாரித்துவிட்டு இங்கே வந்திருந்தார். பேரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு வந்தேன்" என்றார் டாக்டர். "இதே சர்வேயை இப்ப பேத்துப்பாறையில செய்றோம். மதுரையில இருந்து படிச்ச பொண்ணு ஒருத்தி வந்து எழுதுறா. அங்கேயும் வாயால சொன்னது ஒண்ணு, நிறுத்துப் பார்த்தா வேற ஒண்ணு. வேற ஊர்லயும் அப்படித்தான். மாமியார் பக்கத்துல இருந்தா அதிகமாச் சொல்றாங்க. ஏதாவது கிடைக்கும்னா குறைச்சுச் சொல்றாங்க. யார் போய்க் கேட்டாலும் இதேதான்."

சண்முகவள்ளி கையிலிருந்த பேரிக்காயைக் கூடையில் வைத்தாள்.

"நீங்க வீட்டுல உட்கார்ந்து எழுதல. அது எனக்கு இப்பத் தெரியுது. நாங்க கேட்ட விதம்தான் தப்பு. உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நீங்க மறுபடியும் எங்ககூட வேலைக்கு வரணும்னு ஆசைப்படுறேன். தனியாக் கூப்பிட்டு வச்சுக் கேட்கிற மாதிரி இப்ப மாத்தியிருக்கோம்."

"டாக்டர், நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"இப்ப என்கிட்டச் சொன்னதை வில்பட்டியில வந்து சொல்லுவீங்களா? அன்னைக்குக் கேட்ட அதே களத்துல வச்சு?"

டாக்டர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "அது சரியா இருக்குமா? அந்தப் பொண்ணுங்களைப் பொய் சொன்னவங்கன்னு ஊருக்கு முன்னால சொல்ற மாதிரி ஆயிடாதா? குப்பம்மா குழந்தையைப் பறிகொடுத்தவங்க. அவங்க நிலைமையையும் நாம பார்க்கணும் இல்லையா?"

"அப்ப நான் பொய் சொன்னவன்னே இருந்துட்டுப் போகட்டுங்களா?"

"அப்படி இல்ல சண்முகவள்ளி. அந்த ரிப்போர்ட்டும் அப்பவே அச்சாயிடுச்சு. வில்பட்டி விவரத்தை எழுதினவங்க நம்பகமானவங்க இல்லன்னு போட்டு, அதைச் சேர்க்காம விட்டுட்டோம். அதை இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

ரிப்போர்ட் என்று ஒன்று இருப்பதோ, அதில் தன்னைப் பற்றி ஒரு வரி இருப்பதோ சண்முகவள்ளிக்கு அதுவரை தெரியாது. அந்தப் பழி வில்பட்டியோடு மட்டும் என்று நினைத்திருந்தாள். சென்னையிலும், பெயர் தெரியாத எந்தெந்த ஊரிலோ படித்தவர்கள் அதை வாசித்திருப்பார்கள்.

"நான் அன்னைக்கு உங்ககிட்டச் சந்தேகமா இருக்குன்னு சொன்னது இப்பவாச்சும் ஞாபகம் வருதுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் கீழே பார்த்தார். "வரலம்மா. சொல்லியிருப்பீங்க" என்றார்.

வேலைக்கு வரவில்லை என்று சண்முகவள்ளி சொல்லிவிட்டாள். வந்தவரை மரியாதையாகவே வழியனுப்பினாள். ஜீப் வத்தலக்குண்டு ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் நின்றாள். பிறகு போய்ப் பாதியில் விட்ட கூடையைப் பிரித்தாள்.

சாயங்காலம் சுப்புராஜிடம் சொன்னாள். "டாக்டரம்மா வந்தாங்க. நான் எழுதுனது சரிதானாம்."

"எனக்குத் தெரியும்" என்றான் சுப்புராஜ்.

"அன்னைக்குத் தெரியலையே உங்களுக்கு."

ஞாயிற்றுக்கிழமை சுப்புராஜ் வெள்ளனே எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பினான். திரும்பி வரும்போது பொழுது இறங்கிவிட்டது. செருப்பெல்லாம் செம்மண்ணாக இருந்தது.

"வில்பட்டிக்குப் போனேன்" என்றான். "ஞானவேல் வீட்டுக்கே போயிட்டேன். டாக்டரம்மா சொன்னத எல்லார்கிட்டயும் சொன்னேன். களத்துல நின்னுக்கிட்டே சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"ஞானவேல் சிரிக்கிறான். அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை மாப்பிள்ளைங்கிறான். பூண்டு வெலை கேட்டான். சின்னத்தாயி அத்தைக்குக் காது சுத்தமாக் கேக்கல, நான் எதையோ விக்க வந்திருக்கேன்னு நெனைச்சுக்கிச்சு. காளியாயி வீட்டுல ஆளில்ல."

சண்முகவள்ளி தண்ணீர் மோந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டாள்.

"குப்பம்மா?"

"இருந்துச்சு. இடுப்புல ஒரு பொம்பளப் புள்ள. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னுச்சு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"உள்ள போயி எனக்குக் காப்பி கொண்டாந்து குடுத்துச்சு."

சண்முகவள்ளி சொம்பை வாங்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வில்பட்டி நிலத்தை அந்த வருஷமே தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்துவிடச் சொன்னாள். சுப்புராஜும் மறுக்கவில்லை. ஊரிலிருந்து பூண்டு ஏற்றிவரும் வண்டிகள் கொட்டகையில் நிற்கும்போது, அவள் எழுந்து பின்கட்டுப் பக்கம் போய் அங்கிருக்கிற வேலையைப் பார்ப்பாள்.